குறைதீர் வகுப்புகளும் தில்லியின் மானியமும்

குறைதீர் கற்பித்தல் என்பது, பள்ளிக் கல்வியின் போதாமையால் கல்லூரிப் பாடத்தைப் பின்தொடர இயலாத மாணவருக்கு, வழக்கமான வகுப்பு நேரத்துக்கு வெளியே அடிப்படைகளை மீண்டும் சொல்லிக்கொடுப்பதாகும். இதற்கான அரசுப் பணம் பெரும்பாலும் புது தில்லி பகதூர் ஷா ஜாபர் சாலையில் இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழியாகவே கல்லூரிகளைச் சென்றடைந்தது. 1953இல் தொடங்கி, 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்ற குழு அது.

தொடக்கத்தில் தில்லி கண்ட தடை வறுமை ஒன்றே. 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கென ஏற்பட்ட மேற்படிப்பு உதவித்தொகை கட்டணச் சுமையைக் குறைத்ததே தவிர, வகுப்பறைக்குள் அவர் தனித்து நின்ற நிலையை மாற்றவில்லை. 1984இல் கல்வியில் பின்தங்கிய சிறுபான்மையினருக்காக மானியக் குழு தொடங்கிய பயிற்சித் திட்டமும் போட்டித் தேர்வுகளையும் வேலைவாய்ப்பையும் நோக்கியே அமைந்தது. பட்டப்படிப்பிலேயே தடுமாறுபவர் போட்டித் தேர்வின் வாசலுக்கு எப்படி வந்துசேர்வார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை பிறகே கிடைத்தது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) குறைதீர் வகுப்பு, விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்கான பயிற்சி, அரசுப் பணித் தேர்வுக்கான பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே குடையின் கீழ் வந்தன. பாட அறிவோடு மொழித்திறனும் தொழில் வழிகாட்டலும் அதன் நோக்கங்களுள் இடம்பெற்றன. மொழித்திறனைச் சேர்த்ததே இதில் மிக முக்கியமானது; ஏனெனில், தாய்மொழியில் பன்னிரண்டு ஆண்டு பயின்று தில்லிக் கல்லூரி ஒன்றில் ஆங்கில விரிவுரையின் முன் அமரும் மாணவருக்குக் குறைவாக இருப்பது அறிவன்று, மொழியே.

தொழிற்கல்விக்கான முயற்சியோ வேறு வழியில் நடந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 1972இல் தொழிற்கல்விக்கெனத் தனிக் கல்லூரி நிறுவியது; 1994–95 முதல் மானியக் குழு பட்ட வகுப்பில் தொழிற்பாடங்களுக்கு நிதியளித்தது; பின்னர், பட்டத்தோடு சேர்த்தே சான்றிதழும் பட்டயமும் பெறும் பணிசார் படிப்புகளை ஆதரித்தது. குறைதீர்ப்பதற்கு ஒரு திட்டம், தொழிலுக்கு இன்னொரு திட்டம் என இருந்ததால், ஒரே மாணவரின் இரு தேவைகளும் அரிதாகவே ஒருங்கே நிறைவேறின. அவற்றை இணைத்துக் காட்டிய பெருமை தெற்கைச் சேரும். 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தோன்றிய சமுதாயக் கல்லூரிகளில், இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்சு முன்னெடுத்த பாடமுறை வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி ஆகியவற்றை ஒரே ஓட்டமாக வைத்தது. பள்ளியை இடையில் விட்டவரும் அங்கே வரவேற்கப்பட்டனர். இந்த வடிவத்தைத் தில்லி பின்னரே ஏற்று, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், அதன் பின் மானியக் குழுவின் வழியாகவும் ஆதரித்தது.

இவ்வளவுக்குப் பிறகும், ஆண்டுதோறும் புதிதாகத் தோன்றும் ஒரு தேவைக்கு ஐந்தாண்டுக் கணக்கில் மட்டுமே பணம் ஒதுக்கப்பட்டது. கற்பித்தவர்களுக்கு மணிக்கணக்கில் மதிப்பூதியமே கிடைத்தது. ஐந்தாண்டுத் திட்ட முறையே 2017இல் பன்னிரண்டாவது திட்டத்தோடு முடிந்துபோயிற்று. குறைதீர் ஆசிரியருக்கு ஒவ்வொரு கல்லூரியின் நிரந்தரப் பணியிடப் பட்டியலிலும் இடம் கொடுப்பதே அரசு செய்ய வேண்டிய அடுத்த வேலை.