நின்றுபோகும் கார்: பழுதறியும் அறிவின் வரலாறு

ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுச்சாலையில் அணைந்துபோகும். சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுசென்றால் எந்தக் குறையும் தெரியாது. பழைய கார் வைத்திருந்தோர் பலரும் அறிந்த தொல்லை இது. முற்றிலும் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தோன்றி மறையும் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம். இந்தியாவில் பல பத்தாண்டுகளாக இக்கடினமான வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பட்டறையிலேயே தொழில் கற்ற மிஸ்திரிகள். அவர்களுடைய திறமை 'கைராசி', 'அனுபவம்' ஆகிய சொற்களுக்குள் அடக்கப்பட்டுவிட்டது. உண்மையில் அது ஒழுங்கான அனுமான முறை.

அம்முறை வளர்வதற்கு ஒரு வரலாற்றுச் சூழல் இருந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றிய அம்பாசிடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. பம்பாயின் குர்லாவில் தயாரான ஃபியட் 1100, பின்னர் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது. உரிம முறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய அக்காலத்தில், 1983இல் மாருதி 800 வரும்வரை வாங்குவோருக்கு வேறு தெரிவுகள் மிகக் குறைவு. கல்கத்தா டாக்சியிலும் தில்லி அரசு வாகனத்திலும் ஏறத்தாழ ஒரே இன்ஜின் இருந்ததால், ஓரிடத்தில் கற்ற பாடம் நாடெங்கும் பொருந்தியது. போட்டியின்மையால் காரின் வடிவமைப்பு தேங்கியது. அத்தேக்கமே பழுதறியும் அறிவு ஆழப்படவும் இடம் தந்தது.

மிஸ்திரியின் முதல் கேள்வி, 'எப்படி நின்றது?' என்பது. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென நின்றால் ஐயம் மின்பொறிப் பகுதியின் மீது விழும். குலுங்கி, இழுவை குறைந்து, திணறி நின்றால் பெட்ரோல் வரும் பாதையின் மீது விழும். அடுத்த கேள்வி, 'எப்போது நின்றது?' என்பது. இன்ஜின் சூடேறிய பிறகா, மேட்டில் ஏறும்போதா, நெரிசலில் ஊரும்போதா? பானெட்டைத் திறப்பதற்கு முன்பே காரணங்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

நின்ற உடனே செய்யவேண்டிய சோதனைகள் இரண்டு. காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை இன்ஜின் உலோகத்துக்கு அருகே பிடித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நீலப்பொறி பாயவேண்டும். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிச் சுழற்றினால் பெட்ரோல் பீறிட வேண்டும். பொறி இல்லையெனில் பாயின்ட், கண்டன்சர், காயில் ஆகியவற்றைப் பார்ப்பர். பாயின்டின் இடைவெளி சுமார் 0.015 அங்குலம், அது தேய்ந்து மாறினாலே இன்ஜின் தடுமாறும். கண்டன்சரோ இன்னும் ஏமாற்றக்கூடியது: சூட்டில் அதன் உள்காப்பு தளர்ந்து பொறி மங்கும், ஆறியதும் சரியாகிவிடும். அரைமணி ஓடி நின்று, காத்திருந்தால் கிளம்பும் காரில் முதலில் கண்டன்சரை மாற்றிப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

பொறி சரியாக இருந்து பெட்ரோல் வராவிட்டால், கோடையில் முதல் ஐயம் குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. அதற்கு மிஸ்திரிகள் பம்பின் மீது ஈரத்துணி சுற்றினர். அது மருந்து மட்டுமன்று, சோதனையும்கூட: துணி குளிர்வித்ததும் கார் கிளம்பினால் ஐயம் வலுப்படும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் கார் இதேபோல் நிற்கும். மூடியைத் திறக்கையில் காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டால் பழுது அங்கேதான்.

இந்த அறிவு பெரிதும் பேச்சு வழியாகவே கைமாறியது. அதன் தடங்கள் சொற்களில் உள்ளன. வட இந்தியாவின் 'மிஸ்திரி', தமிழின் 'மேஸ்திரி' இரண்டும் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தவை. பல பட்டறைகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 'டெல்கோ' என்று பெயர். 1909இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கும் எட்வர்டு டீட்ஸும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் அது. மோரிஸ் வழிவந்த இன்ஜின்களில் இருந்ததோ பிரிட்டனின் லூகாஸ் வடிவமைப்பு. ஒரு நிறுவனத்தின் பெயர் பொருளின் பொதுப்பெயராகி, வேறு நிறுவனத்தின் பாகத்துக்கும் நிலைத்துவிட்டது.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க், 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேட்டைக்காரரின் தடமறிதலையும் மருத்துவரின் நோயறிதலையும் துப்பறிவாளரின் ஆய்வையும் ஒரே அறிவு மரபில் வைத்தார்: சிறு தடயங்களிலிருந்து காணாத காரணத்தை ஊகிப்பது. மிஸ்திரிக்கும் அவ்வரிசையில் இடமுண்டு.

1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் விற்கப்படும் புதிய கார்களுக்கு யூரோ புகைவரம்புகளைக் கட்டாயமாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் புதிய கார்களில் கார்புரேட்டரின் இடத்தைக் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பான் பிடித்தது. கருவியை இணைத்தால் பழுதுக்குரிய குறியீடு திரையில் வரும். காற்று தூய்மையாக இம்மாற்றம் தேவைப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆயினும் பழைய சிக்கல் ஒழியவில்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை உணரும் சென்சார் சூட்டில் செயலிழந்தால் கார் சட்டென நிற்கும், ஆறியதும் கிளம்பும், சில வேளைகளில் குறியீடு எதுவும் பதிவாகாது. கண்டன்சரின் அதே குணம். அப்போது உதவுவது 'எப்படி நின்றது, எப்போது நின்றது?' என்னும் அதே கேள்விகள்தாம்.

மும்பைச் சாலைகளிலிருந்து பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. அப்போது கார்களுக்குப் பிரியாவிடைக் கட்டுரைகள் எழுதப்பட்டன. அவற்றை ஓடவைத்தவர்களின் சோதனை முறைகளும் சொற்களும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. காரை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைக்கலாம். ஈரத்துணியை எப்போது, எதற்காகச் சுற்றினார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகச் சொன்னால்தான் அறிய முடியும். அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது.