பாவசங்கீர்த்தனம்: ஒரு சொல்லின் வரலாறு

தமிழில் முதலில் அச்சான நூல் எது என்று கேட்டால் முதுகலை மாணவர்கள் தயங்காமல் 'தம்பிரான் வணக்கம்' என்பார்கள். 1578, கொல்லம் என்று ஆண்டையும் ஊரையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' சிலருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது எது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

1580இல் கொச்சியில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'கொம்பெசியொனாயரு'. போர்த்துக்கீசியச் சொல் ஒன்றைத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி ஒலிபெயர்த்து வைத்த பெயர் அது. பாவ அறிக்கைக் கையேடு என்பது பொருள். ஒருவன் தன் குற்றத்தைத் தன் வாயால், தன் மொழியில் சொல்வதற்குத் துணைசெய்யும் நூல். நெடுங்காலம் காணாமற்போனதாகக் கருதப்பட்ட இந்நூலின் படி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆய்வுலகம் அறிந்துகொண்டது.

சவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்தில் இருந்துகொண்டு முத்துக்குளித்துறையின் பழைய நூலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேலூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் கத்தோலிக்கப் பெரியவர்கள் 'பாவசங்கீர்த்தனம்' என்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் 'பாவ அறிக்கை' என்பார்கள். ஒன்றையே குறிப்பதாகத் தோன்றும் இவ்விரு சொற்களுக்குப் பின்னால் நானூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது. அதைத் தேடிச் சென்றால், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கான சொல்லுக்கு முன்பாக இறைவனை நம்புவதற்கான சொல்லைக் கண்டடையத் தமிழ்க் கிறித்தவம் பாடுபட்டிருப்பது தெரிகிறது. அந்த வரிசை தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

'வேணும்' என்ற பிழை

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். புனித சவேரியார் அங்கு வந்தது 1542இல். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், பொதுப் பாவ அறிக்கைச் செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்.

1544இல் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று வரும் இடத்தை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடவேண்டும் என்கிறார். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள். கடவுளை விரும்புகிறேன் என்பதைக் காட்டிலும் கடவுளை விசுவசிக்கிறேன் என்பதே சரி என்பது அவர் தரும் விளக்கம். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் கடற்கரைக் குடிகள் 'கடவுள் எனக்கு வேணும்' என்றே தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டு வந்திருக்கிறார்கள்.

இதை வேடிக்கையான மொழிபெயர்ப்புப் பிழை என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் தமிழ் படித்தவர்களால் அவ்வாறு எளிதில் கடக்க முடியாது. 'நம்பு' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்று நாம் கொள்ளும் 'உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல்' என்ற பொருள் அச்சொல்லுக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. விருப்பத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான உறவு தமிழில் அவ்வளவு பழையது. அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள் தொல்காப்பியம் கற்றவர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் அவர்கள் கை சென்ற இடம் முற்றிலும் அயலானதன்று.

ஆயினும் சவேரியாரின் திருத்தம் இன்றியமையாதது. 'வேணும்' என்பது கேட்பவனின் சொல். நோய் தீர வேணும், வலையில் மீன் பட வேணும் என்ற வரிசையில் கடவுளும் ஒன்றாகிவிடக்கூடும். 'விசுவாசம்' வடமொழியிலிருந்து வந்த சொல். ஒருவரை நம்பித் தன்னை ஒப்படைத்தல் என்பது அதன் உட்பொருள். கேட்டது கிடைக்காத நாளிலும் நிற்கவேண்டியது அது. அன்றாடச் சமய வாழ்வில் நம்மில் பெரும்பாலோர் 'வேணும்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இது கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இடையில் நின்ற மூன்றாமவர்

நம்பிக்கைக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. பாவ அறிக்கைக்கோ சொல் மட்டும் போதவில்லை. கேட்கும் செவியும் வேண்டியிருந்தது.

1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம், கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையையும் அதே சங்கம் வகுத்தது. 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம், சாவான பாவங்களைத் தனித்தனியே, அவற்றின் தன்மையை மாற்றும் சூழ்நிலைகளோடு எடுத்துரைக்கவேண்டும் என்று வரையறுத்தது. 'நான் பாவி' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும்.

தமிழ்ப் பக்தி மரபில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் மொழிக்குப் பஞ்சமே இல்லை. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகச் சொல்லிக்கொண்டார். ஆனால் அது பாடலாக, பலரும் கேட்க, பொதுமையில் நிகழ்வது. அந்தரங்கத்தில், குறிப்பிட்ட ஒரு செயலை, ஒரு மனிதரின் செவியில் சொல்வது வேறுவகை அனுபவம். பரதவர் குடிகளுக்கு அது புதிது. அதிலும் குருவுக்குத் தமிழ் தெரியாத காலத்தில் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். அவரும் அதே கடற்கரையைச் சேர்ந்தவராகவோ, அன்றாடம் முகம் பார்த்துப் பழகுபவராகவோ இருப்பார். தன் குடும்பத்துக்குள் நடந்த தவறை, கடனில் செய்த வஞ்சனையை, அப்படிப்பட்டவர் வழியாக யார் மனம் திறந்து சொல்வார்?

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் அன்ரீக்கே அன்ரீக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார். போர்த்துகலின் வில்லா விசோசா ஊரில் 1520இல் பிறந்தவர். யூத வழித்தோன்றல் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையில் நிலைக்க முடியாமல், 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, மறு ஆண்டு இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் அரைநூற்றாண்டுக்கு மேல் உழைத்து 1600இல் மறைந்தார். வந்த சில ஆண்டுகளிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தமிழில் பேசவும் பாவ அறிக்கை கேட்கவும் தேர்ச்சி பெற்றார். பின்வருவோர்க்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் உள்ளது.

இவருடைய பிறப்பை நான் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. போர்த்துகலில் 1536இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது, கோவாவில் 1560இல். யூத வழியினரின் விசுவாசத்தைச் சந்தேகித்து, அச்சுறுத்தி, வாக்குமூலம் வாங்கிய மன்றம் அது. அங்கும் குற்ற ஒப்புதல்தான் நடந்தது, ஆனால் அச்சத்தினால். அந்தச் சூழலில் பிறந்த ஒருவர், நம்பிக்கையால் மட்டுமே நிகழக்கூடிய வேறொரு ஒப்புதலுக்காக ஓர் அயல்மொழியை எழுத்தெண்ணிக் கற்றார். இவ்விரண்டையும் அவர் மனம் ஒப்பிட்டதா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வரலாற்றில் இவை அருகருகே நிற்கின்றன என்பதே போதும்.

'கொம்பெசியொனாயரு' அவருடைய இந்த நீண்ட முயற்சியின் விளைவு. அக்காலப் பாவ அறிக்கைக் கையேடுகள் பத்துக் கட்டளைகளின் வரிசையில் மனச்சான்றை ஆராயச் செய்பவை. இந்நூலும் அம்மரபைச் சேர்ந்தது. தமிழ் நூல்கள் அச்சேறுவதற்குப் பரதவர்களே பொருளுதவி செய்தனர். அக்கால அச்செழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. இன்றைய மாணவன் எழுத்துக்கூட்டித் தடுமாறும் அந்தப் பக்கங்களில், சாதாரண மனிதர்களின் அன்றாடக் குற்றங்கள் தமிழ் உரைநடையில் முதன்முறையாக அச்சில் வரிசைப்பட்டு நின்றன.

சங்கீர்த்தனம் என்றால் என்ன?

போர்த்துக்கீசிய ஒலிபெயர்ப்பு நிலைக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியும் அவருக்குப் பின் வந்தோரும் வடமொழி கலந்த சமயச் சொற்களை ஆக்கினர். அந்த மரபின் கொடையாகத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் நிலைபெற்றது 'பாவசங்கீர்த்தனம்'.

சங்கீர்த்தனம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது நாம சங்கீர்த்தனம். முழுமையாக எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல் என்று இருபொருளும் அதற்கு உண்டு. இறைவன் பெயரோடு சேரவேண்டிய சொல்லைப் பாவத்தோடு சேர்த்தது பொருந்தாச் சேர்க்கை அல்லவா என்று தமிழாசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு.

இங்கேதான் புனித அகுஸ்தீன் துணைக்கு வருகிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய தன்வரலாற்று நூலின் பெயருக்கு அடிப்படையான இலத்தீன் சொல்லும் இருபொருள் கொண்டது: பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனைப் புகழ்தல். சங்கீத விளக்கவுரைகளில் அவரே இதை எடுத்துக் காட்டுகிறார். தன் குற்றத்தைச் சொல்பவன், மன்னிக்க வல்லவர் ஒருவர் உண்டு என்று அதே மூச்சில் சாற்றுகிறான். ஆகவே அதுவும் புகழ்ச்சியே. இந்த இரட்டைப் பொருளைச் 'சங்கீர்த்தனம்' என்ற சொல் அப்படியே ஏந்திக்கொண்டது. அறிந்து ஆக்கினாரோ, அறியாமல் ஆக்கினாரோ, ஆக்கியவர் பெருஞ்செயல் செய்தார்.

சீர்திருத்தச் சபையாரின் சொல்லும் இதற்குக் குறைந்ததன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். லுத்தரன் சபையார் தனிப்பட்ட பாவ அறிக்கையைக் கைவிடவில்லை. ஆனால் எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தை 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலேயே நீக்கியிருந்தனர். இந்த ஆவணத்தின் பெயரைக் கவனியுங்கள்: விசுவாச அறிக்கை. தமிழ்ச் சீர்திருத்த வழக்கில் விசுவாசத்துக்கும் அறிக்கை, பாவத்துக்கும் அறிக்கை. ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது.

ஆற்காடு மிஷன் நிலத்தில்

எங்கள் பகுதிக்குச் சீர்திருத்தக் கிறித்தவம் ஆற்காடு மிஷன் வழியாக வந்தது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபைப் பணி அது. ஆரணி அதன் நிலையங்களுள் ஒன்று. அச்சபையார் போற்றும் 1563ஆம் ஆண்டு ஹைடல்பர்க் ஞானோபதேசம், மெய்யான விசுவாசம் என்பது அறிவு மட்டுமன்று, உள்ளம் கொண்ட உறுதியான நம்பிக்கையும் ஆகும் என்று விளக்குகிறது. சவேரியார் 1544இல் தேடிய பொருளும் ஏறத்தாழ இதுவே. இம்மிஷனின் சபைகள் பின்னர் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன.

இங்கே பாவ அறிக்கை பெரும்பாலும் சபையாகச் சேர்ந்து சொல்லப்படுவது. அதில் தமிழுக்கே உரிய நுட்பம் ஒன்று வந்துவிடுகிறது. 'நாம்' என்பது கேட்பவரையும் உட்படுத்தும் தன்மைப் பன்மை. 'நாங்கள்' கேட்பவரை விலக்கும். இறைவனை நோக்கிச் சொல்லும்போது 'நாங்கள் பாவஞ்செய்தோம்' என்றே சொல்லவேண்டும். கேட்பவர் அந்தக் குற்றத்தில் பங்கில்லாதவர் என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. இலத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு கிடையாது.

ஆனால் இந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். ஆற்காடு மிஷனின் சிற்றூர்ச் சபைகளில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள். ஒடுக்கியவனும் ஒடுக்கப்பட்டவனும் ஒரே கூரையின்கீழ் 'நாங்கள்' என்று சொல்லும்போது யாருடைய குற்றம் அறிக்கையிடப்படுகிறது? 'கொம்பெசியொனாயரு' போன்ற கையேடுகளின் துருவும் முறை இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 'நீ என்ன செய்தாய்' என்ற ஒருமைக் கேள்வியை அவை விடவில்லை. கூலியைக் குறைத்தவன் கூலியைக் குறைத்தேன் என்று சொல்லவேண்டும். பன்மையின் ஆறுதலும் ஒருமையின் கண்டிப்பும் இரண்டுமே தேவைப்படுகின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கர் இதனை 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று வழங்கலாயினர். வள்ளுவர் ஊருக்குச் செய்யும் உதவிக்கு வைத்த 'ஒப்புரவு' என்ற சொல் இங்கே உறவு புதுப்பித்தலைக் குறிக்கிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'விசுவாசம்' பெரும்பாலும் 'நம்பிக்கை' ஆயிற்று. விருப்பத்தில் பிறந்த பழந்தமிழ்ச் சொல்லே மீண்டும் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

சொற்கள் மாறினாலும் வரிசை மாறவில்லை. எல்லாம் அறிந்த இறைவனிடம் ஏன் சொல்லவேண்டும் என்ற கேள்வியை அகுஸ்தீனும் எழுப்பினார். தகவல் தருவதற்காக யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. கேட்பவர் தன்னைக் கைவிடமாட்டார் என்று தோன்றிய பின்னரே நாக்கு எழுகிறது. குழந்தை தாயிடம் சொல்வதும், கணவன் மனைவியிடம் சொல்வதும் அப்படித்தான். அந்த நம்பிக்கையை உண்டாக்க ஒருவர் இலக்கணம் கற்கவேண்டியிருந்தது, எழுத்து வார்க்கவேண்டியிருந்தது, ஒரு கடற்கரைச் சமூகம் தன் உழைப்பின் பணத்தைக் கொடுக்கவேண்டியிருந்தது. தமிழில் அச்சான மூன்றாவது நூலை வெறும் தேர்வு வினாவாக வைத்திருப்பது நமக்குத்தான் நட்டம்.

முத்துக்குளித்துறையிலும் வடாற்காட்டு ஊர்களிலும் பாவ அறிக்கையைக் குறிக்க வீட்டுப் பெரியவர்கள் வழங்கிய வேறு சொற்கள் நினைவில் உள்ளோர் எழுதினால், அவற்றைத் தொகுத்து வைக்கலாம்.