பெரிய நாட்டின் பணமும் சிறிய நாடுகளின் சந்தையும்: ரேண்ட் வட்டாரத்தின் கதை

1976 ஆகஸ்ட் 23 அன்று போட்ஸ்வானா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. பெயர் பூலா, செட்ஸ்வானா மொழியில் ‘மழை’ என்று பொருள். காலஹாரிப் பாலைநிலம் பரந்து கிடக்கும் நாடு வேறு எதை வேண்டிப் பெயர் சூட்டும்? அதுவரை அங்கே புழங்கியது தென்னாப்பிரிக்காவின் ரேண்ட். லெசோத்தோவோ அந்த ரேண்டோடு பிணைந்தே நின்றது. இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் போனதற்குத் தேசப்பற்றின் ஏற்றத்தாழ்வு காரணமல்ல. யாருக்கு எந்தப் பணத்தில் வருமானம் வந்தது என்பதே முதன்மைக் காரணம்.

பசூட்டோலாந்து (இன்றைய லெசோத்தோ), பெச்சுவானாலாந்து (இன்றைய போட்ஸ்வானா), சுவாசிலாந்து என்ற மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் தென்னாப்பிரிக்கப் பவுண்டும், 1961க்குப் பிறகு ரேண்டும் செல்லுபடியாயின. விடுதலைக்குப் பின்னும் அந்த நிலை மாறவில்லை. வட்டியும் செலாவணி மதிப்பும் ப்ரிட்டோரியாவில் முடிவாயின. அந்த மேசையில் இவர்களுக்கு நாற்காலி இல்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. அச்சிட்ட தாளைக் கொடுத்துப் பொருள் பெறும் அரசுக்கு அதில் வருவாய் உண்டு. லெசோத்தோவின் கடைவீதியில் கைமாறிய ஒவ்வொரு ரேண்ட் தாளும் அந்த வருவாயைத் தென்னாப்பிரிக்காவுக்கே சேர்த்தது. தென்னாப்பிரிக்காவோடு செய்துகொண்ட 1974 டிசம்பர் உடன்படிக்கைதான் இதற்கு முதன்முறையாக ஈடு தந்தது: புழக்கத்தில் உள்ளதாக மதிப்பிடப்படும் ரேண்டுக்கு, தென்னாப்பிரிக்க நீண்டகாலக் கடன்பத்திர வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு. முழு ஈடு அல்ல. ஆனாலும் பெரிய நாடு சிறிய நாட்டின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியல்ல.

அதற்கான பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருந்த போட்ஸ்வானா கையெழுத்திடவில்லை. 1967இல் ஓராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டு, 1971இல் சுரங்கம் இயங்கத் தொடங்கியிருந்தது. உலகச் சந்தையில் வைரம் டாலருக்கு விற்றது. லெசோத்தோவின் நிலை வேறு. நாற்புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு அது. அதன் ஆண்கள் பெருந்திரளாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தார்கள். கூலி ரேண்டில் வந்தது, வீட்டுக்கு வாங்கிய மாவும் துணியும் ரேண்டில் வந்தன. தனி நாணயத்தை மிதக்கவிட்டிருந்தால் ஒவ்வொரு கூலிப் பொட்டலமும் எல்லையில் சூதாட்டமாகியிருக்கும்.

பணத்தைப் பகிர்வதன் கசப்பு 1985இல் முழுதாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 15 அன்று டர்பனில் அதிபர் போத்தா ஆற்றிய உரை, நிறவெறி ஆட்சி தளரும் என்று காத்திருந்தவர்களை ஏமாற்றியது. அயல்நாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. 1981இல் ஒரு டாலருக்கும் மேல் மதிப்பிருந்த ரேண்ட் 35 சென்ட் அளவுக்கு விழுந்தது. செலாவணிச் சந்தையையே சில நாட்கள் மூட வேண்டியதாயிற்று. நிறவெறியில் எந்தப் பங்கும் இல்லாத லெசோத்தோவின் குடும்பங்களும் அந்த வீழ்ச்சியின் விலையைச் சுமந்தன. 1980 முதலே நாணயக் கூடை ஒன்றோடு பூலாவைப் பிணைத்திருந்த போட்ஸ்வானா அடியின் ஒரு பகுதியைத் தவிர்த்தது. முழுதாகத் தப்பவில்லை, அதன் இறக்குமதியில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்ததால், அந்தக் கூடையில் ரேண்டுக்கும் இடம் இருந்தது.

இந்தக் கசப்பை மட்டும் எண்ணித் தீர்ப்பெழுதினால் அது அரைக்கணக்காகிவிடும். லிம்போபோ ஆற்றுக்கு வடக்கே, தன் விருப்பம்போல் பணம் அச்சிட்ட சிம்பாப்வேயின் டாலர் 2008இல் குப்பையானது. ரேண்டோடு பிணைந்த சிறு நாடுகளின் சேமிப்பு அப்படிக் கரையவில்லை. சுவாசிலாந்து 1986இல் ரேண்டின் சட்டப்பூர்வச் செல்லுபடியை நீக்கியது. கடைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். 2003இல் அரசு அதை மீண்டும் ஏற்றது.

வருமானக் காரணத்துக்கு எளிதில் அடங்காத நாடு நமீபியா. தென்னாப்பிரிக்க ஆட்சியை நீண்ட காலம் எதிர்த்துப் போராடி 1990இல் விடுதலை பெற்ற அதற்கு வைரமும் யுரேனியமும் இருந்தன. போட்ஸ்வானாவின் வழி திறந்தே கிடந்தது. எனினும் 1992இல் ரேண்ட் வட்டாரத்திலேயே சேர்ந்தது. 1993இல் வெளியான நமீபிய டாலர் தாள்களில், ஜெர்மானியரை எதிர்த்துப் போரில் மாண்ட ஹென்ட்ரிக் விட்போயின் முகம் இடம்பெற்றது. அந்தத் தாளின் மதிப்பு இன்றும் ஒன்றுக்கு ஒன்று என்று ரேண்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.