அனகாபுத்தூர்த் திட்டு: ஒரு பருவத் தீவின் பறவையாண்டு

1. வரையறை

சுமார் 42 கி.மீ. நீளமுள்ள அடையாற்றில், திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வந்து கலக்கிறது. அதற்குக் கீழே அனகாபுத்தூரை ஒட்டி ஆறு செல்லும் பகுதியில் வண்டல் படிந்து திட்டுகள் எழுவதுண்டு. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நீர் சூழ நிற்கும் திட்டைப் 'பருவத் தீவு' என வழங்குவோம்.

ஆனால் நீர் சூழ்ந்திருந்தால் போதும் என்று இவ்வரையறையை முடித்துவிட முடியாது. தரையில் முட்டையிடும் பறவைக்கு, நாயும் ஆடும் இறங்கி நடக்க இயலாத ஆழம் இருந்தால்தான் அது தீவு. அத்தகைய நீரைக் 'காப்புநீர்' எனக் குறிக்கிறோம். கணுக்கால் அளவு நீர் கண்ணுக்குத் தீவைக் காட்டும், முட்டையைக் காக்காது.

2. வகைகள்

திட்டை நாடும் பறவைகள் மூவகைப்படும். ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்பவை 'உறைவன': மடையான், சிவப்பு மூக்கு ஆள்காட்டி, தாழைக்கோழி முதலியன. நீரும் இரையும் உள்ள இடம் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்பவை 'உள்வலசையர்': நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தை இங்குக் கழிப்பவை 'நெடுவலசையர்': பொரி உள்ளான், தகைவிலான். நெடுங்கால் உள்ளான் எவ்வகை என்பதில் தயக்கம் எழலாம். நம் நாட்டிலேயே இனப்பெருக்கம் செய்து நீருக்கேற்ப நகர்வதால் அதை உள்வலசையரோடு சேர்க்கிறோம்.

3. ஆண்டின் நிலைகள்

முதல் நிலை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இப்போதுதான் பெய்கிறது. திட்டு சுருங்கும், பெருவெள்ளத்தில் மூழ்கியே போகும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது கரையோரக் குடியிருப்புகளும் மூழ்கின. வாழைநார்ச் சேலைக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூர் நெசவாளருக்கும் இது கடினமான பருவம். குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். கஞ்சியிட்ட பாவைத் தெருவில் விரித்து உலர்த்த வெயில் இராது. பறவையின் ஆண்டையும் தறியின் ஆண்டையும் ஒரே மழை வகுக்கிறது.

இரண்டாம் நிலை, ஜனவரி முதல் மார்ச் வரை. நீர் வடிந்து சேற்று விளிம்பு விரிவதால் உள்ளான்களுக்கு இரை மிகும். பறவை பார்ப்போர் வருவதும் பெரும்பாலும் இப்போதே.

மூன்றாம் நிலை கோடை. அதுவே நம் ஆய்வின் மையம். நெடுவலசையர் போய்விட்டன, உறைவன முட்டையிடுகின்றன. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தரைப்பள்ளத்தில் சிறு கற்களுக்கு நடுவே வழக்கமாக நான்கு முட்டை இடும். களிமண் நிறத்தில் கருந்திட்டுகள் தெளித்த அம்முட்டையை ஓரடி தள்ளி நின்றாலும் கண்டுபிடிப்பது அரிது. நண்பகல் வெயிலில் பறவை ஆற்றுக்கு இறங்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு இது.

4. காரணமும் முரணும்

இங்கே ஒரு முரண் தெளிவாகிறது. காப்புநீர் நிறைந்த மாதங்களில் திட்டில் தங்கும் நெடுவலசையர் இங்கு முட்டையிடுவதில்லை. முட்டையிடும் ஆள்காட்டிக்குத் தேவைப்படும் மாதங்களில் காப்புநீர் இல்லை. திட்டு கரையோடு ஒட்டிவிடுகிறது. வேடந்தாங்கலில் நாரைகள் ஏரி நிறைந்திருக்கும் பருவத்தில், நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன; அங்கே காப்பும் இனப்பெருக்கமும் ஒரே காலத்தில் அமைகின்றன. இங்கு அவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன.

கோடையிலும் ஆறு முற்றும் வறளாததற்குக் கழிவுநீரே முதற்காரணம். அதில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக மேய்வதைக் கண்டு ஆறு நலமாயுள்ளது என முடிவு கட்டலாகாது. மாசடைந்த நீரையும் தாங்கும் பறவை அது. எனவே எண்ணிக்கையைவிடப் பொரித்த குஞ்சுகளையே சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு.

5. வேண்டுகோள்

தூர்வாரும் பணியைத் திட்டமிடுவோரிடம் நாம் கேட்பவை இரண்டு. திட்டுகளை முழுவதும் வழித்தெடுக்காமல், கரைப்பக்கம் மட்டும் கோடையிலும் காப்புநீர் நிற்கும் அளவுக்கு ஆழப்படுத்துங்கள். அப்பணியை மார்ச் மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.