சங்கஞ்செடி

சங்கஞ்செடி பழவேற்காட்டு ஏரிக்கரையின் மணற்பாங்கான புதர்க்காடுகளில் வளரும் முட்செடி. இசங்கு, முட்சங்கு என்றும் அழைக்கப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் அசிமா டெட்ராகாந்தா. உகா மரம் அடங்கிய சால்வடோரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்ணிறமான சிறிய உருண்டைப் பழங்களைப் பறவைகளும் சிறுவர்களும் உண்பர்.

பெயர்க்குழப்பம்

இதே கடற்கரையில், உப்புநீரை ஒட்டி, சங்கங்குப்பி என்னும் இன்னொரு புதரும் வளர்கிறது. இரண்டும் நாட்டு மருத்துவத்தில் பயன்படுபவை, இரண்டின் இலைகளும் எதிரெதிராக அமைந்தவை. 'சங்கு' என்ற பெயரை மட்டும் நம்பிப் பறிப்பவர் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொண்டுவர வாய்ப்புண்டு.

வேறுபாட்டைத் தாவரவியல் பெயர்களே சொல்லிவிடுகின்றன. சங்கங்குப்பிக்கு லின்னேயஸ் 1753இல் வால்காமேரியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். 'இனெர்மிஸ்' என்றால் ஆயுதமற்றது, அதாவது முள்ளற்றது. சங்கஞ்செடியை 1783இல் லமார்க் தன் தாவரவியல் கலைக்களஞ்சியத்தில் விவரித்தார். 'டெட்ராகாந்தா' என்பதன் பொருள் நான்கு முட்கள். பின்னாளில் பரிணாமக் கொள்கைக்காக அறியப்பட்ட அதே லமார்க்தான் இவர். சில ஆண்டுகளுக்குள் லெரித்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் இச்செடிக்கு மொனேஷியா என்று வேறு பெயர் வைத்தார். அது லமார்க்கின் குடும்பப்பெயரான 'மொனே'யிலிருந்து அவரைச் சிறப்பிக்க அமைத்த பெயர். ஆனால் முந்தைய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. ஆகவே லமார்க்குக்கான மரியாதை வழக்கொழிந்து, லமார்க் வைத்த பெயர் நிலைத்தது.

அடையாளம் காணல்

தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள், ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் இரண்டு முட்கள், ஆக நான்கு. இலை விறைப்பானது, அதன் நுனியும் கூர்மையாகக் குத்தும். பூக்கள் சிறியவை, பச்சை கலந்தவை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் வருவதால் ஆண் செடியில் பழத்தைத் தேடிப் பயனில்லை. சங்கங்குப்பியில் முள் கிடையாது. அதன் வெண்ணிறப் பூவிலிருந்து நீண்ட மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டி நிற்கும். அதன் காய் காய்ந்து பிளவுபடும், தின்னும் பழமாவதில்லை.

பழவேற்காடு என்ற ஊர்ப்பெயரில் வேலமரம் இருப்பதாகச் சொல்லப்படுவதுண்டு. அது இன்று மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலமாக இருக்க முடியாது. டச்சுக்காரர்கள் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613இல். சீமைக்கருவேலமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கும் முள் உண்டு என்றாலும் சிற்றிலைகளாகப் பிரிந்த இலையும் நீண்ட நெற்றும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.