கௌசிகா நதியும் நம் கைகளும்

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கலாம், நாம் மட்டும் தொடக்கூடாது என்றிருந்த பொதுக்குளம் அது. நல்ல தண்ணீரை நமக்கு மறுத்த அதே சாதிதான் ஊரின் மலத்தை அள்ளும் வேலையை நம் தலையில் ஏற்றியது. ஆற்றைக் காப்பது பற்றிப் பேசும்போதும் நாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மல்லாங்கிணறுக்குப் பக்கத்து நகரம் விருதுநகர். அதன் சாக்கடை நீண்ட காலமாகக் கௌசிகா நதியில் விழுந்து, குல்லூர்சந்தை அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் ஆகாயத்தாமரை படர்ந்தது. மழையை நம்பிய இந்தப் பூமியில் ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் ஓட்டம் கிடையாது. விழும் கழிவோடு கலந்து அதன் கேட்டைக் குறைக்க நல்ல தண்ணீர் இல்லாததால், சாக்கடையே ஆறாகிவிடுகிறது.

சுத்திகரிப்பு நிலையம் என்ன செய்கிறது? கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. ஆற்றில் இது நடந்தால் மீன் மூச்சுமுட்டிச் சாகும். அதையே ஒரு தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி முன்கூட்டியே நடத்தி முடிக்கும் முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் அறிவித்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் அடிப்படை. அதே 1914இல் நம் ஊர்களில் உலர் கழிப்பறை மலத்தை நம் பாட்டிமார் கூடையில் சுமந்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்ய 2013 வரை காத்திருந்தோம்.

பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். லாரி உறிஞ்சும் கழிவு இருட்டில் ஓடையிலோ கண்மாயிலோ கொட்டப்படுவதும் உண்டு. 2014இல் தமிழக அரசு இதற்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பிறகு கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடுக்கென்றே ஒரு சிறிய நிலையம் வந்தது. பக்கத்து மதுராந்தகத்தின் கழிவும் அங்கே போகிறது. கசடு மணற்படுகையில் காய்கிறது, வடியும் நீர் தனியே சுத்திகரிக்கப்படுகிறது. சின்ன ஊருக்கும் இது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் நிலையம் கட்டினால் மட்டும் சாதி போய்விடாது. அங்கேயும் கம்பி வலை அடைக்கும், மோட்டார் சிக்கும், தொட்டியில் விஷவாயு தேங்கும். அப்போது யாரை இறங்கச் சொல்வார்கள்? மலக்குழி மரணத்துக்கு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியது. உயிர் போன பிறகு வரும் பணம் அது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. இந்த வட்டாரத்துப் பேரூராட்சிகளுக்குச் சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் வேண்டும். அவை சேரியின் வாசலில் கட்டப்படக் கூடாது. இறங்குகிற வேலையை இயந்திரம் செய்யட்டும். இயக்குநர், ஆய்வக உதவியாளர் பணிகளுக்கு நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர ஊழியராக நியமியுங்கள். மலம் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆற்றுநீரைச் சோதித்துக் கையெழுத்திடும் நாளில்தான் மகாடில் தொடங்கிய வேலை கௌசிகாக் கரைக்கு வந்து சேரும்.

ஜெய்பீம்.