அவையஞ்சா அம்மையார்

மலர்க் குழுவினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி எழுதப் பணித்ததை என் பேறாகக் கருதுகிறேன். அவர் மருத்துவம் பயின்றதையும், அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் கண்டதையும் இம்மலரைக் கையில் எடுப்போர் யாவரும் அறிவர். எனவே, 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் ஆற்றிய பணியை மட்டும் இங்கே போற்றுகிறேன்.

வள்ளுவர் கண்ட சபை

அமைச்சு பற்றிய அதிகாரங்களை வள்ளுவர் அவையஞ்சாமையில் நிறைவு செய்கிறார். போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தோரை எளிதில் காணலாம். சபை நடுவே அஞ்சாது பேசுவோரே அரியர் என்பது அவர் துணிபு. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த சபைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் விளங்கிய அம்மையாருக்கு அக்குறளே தக்க மாலை.

மாதவியும் மானியமும்

மணிமேகலைக் காப்பியத்தை நான் எத்தனை முறை ஓதினாலும் கணிகையர் குலத்து மாதவியிடம் வந்து நின்றுவிடுவேன். இந்திர விழாவுக்கு அழைக்கும் தாய் சித்திராபதிக்கு அவள் இணங்கவில்லை. தான் பெற்ற மணிமேகலை கண்ணகியின் மகள், குலத்தொழிலுக்கு வாராள் என்று தோழி வசந்தமாலையிடம் உறுதியாகச் சொல்லி அனுப்புகிறாள். ஆயினும் அந்த மகளுக்கு மீட்சி துறவு வழியாகத்தான் கிட்டியது. இல்லறம் என்ற வழி அவளுக்குத் திறக்கவில்லை.

அந்த வழியைத் திறந்தவர் நம் அம்மையார். பெண்களைத் தேவதாசியராகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927 நவம்பரில் அவர் கொணர்ந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. தீர்மானம் அரசுக்குச் சொல்லும் பரிந்துரைதான் என்பதை உணர்ந்த அவர் அத்துடன் ஓயவில்லை. வழக்கத்தின் வேர் மானிய நிலத்தில் இருந்தது. கோயில் சேவைக்காக விடப்பட்ட நிலம் குடும்பத்தில் நிலைக்க, தலைமுறைக்கு ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சேவையை நிறுத்தினால் சோறு போகும். 1929இல் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம் சேவைக் கடமையை நீக்கி, நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்கியது. பெண்ணை விடுவித்தபோதே அவள் வயிற்றுக்கும் வழி செய்த சட்டம் அது! தேவதாசியர் சங்கங்களிலிருந்தே எதிர்ப்பு மனுக்கள் வந்தன. சத்தியமூர்த்தி போன்ற நாவலர்களும் மறுத்துப் பேசினர். அம்மையார் தளரவில்லை. மைசூர் சமஸ்தானம் 1909இலேயே கோயில்களில் இச்சேவையை நிறுத்தியிருந்தது. அங்கே ஆலய வழிபாடு குறைந்துவிடவில்லை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதவி துறந்தது

1930இல் காந்தியடிகள் கைதானதும் அம்மையார் பதவியை விட்டு விலகினார். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் அவரது மசோதா அதனால் நின்றுபோயிற்று. ஓமந்தூரார் ஆட்சியில், 1947இல் அந்தச் சட்டம் நிறைவேறியது.

தம் சபை அனுபவங்களை அவர் 1930இலேயே ஆங்கில நூலாக வெளியிட்டார். ஊராட்சி முதல் சட்டப்பேரவை வரை இன்று பொறுப்பேற்கும் சகோதரியர் அதைத் தேடிப் படிக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறிய அன்று பூமாலை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், அது சட்டமாகி ஏழையின் வீட்டுப் பட்டாவில் பெயராக ஏறும்வரை தொடர்ந்து உழையுங்கள். அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடு அதுவே.